கராஜில் விட்டால் பழகிவிடுவானா? வன்னிப் பாடசாலை ஒன்றின் வேலைத்தலப் பயிற்சி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியை அண்டிய ஒரு பாடசாலையில் நடந்த விடயம் இது. பாடசாலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விபரங்களையும் விட்டிருக்கிறேன். நான் பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் பாடசாலைக்கும் வேலைத்தலங்களுக்கும் இடையில் நின்று ஒழுங்குகளைப் பார்த்தவன். வகுப்பையும் பெற்றோரையும் தொழில் வழிகாட்டல் ரீச்சர் பார்த்தார். அதிபர் அனுமதிக் கடிதங்களையும் வலயக் கல்வி அலுவலகத்தையும் பார்த்துக்கொண்டார்.

தெரியாதவர்களுக்காகத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற பெயரில் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய ஏற்பாடு இது. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரத்தில், அதாவது ஓ/எல் பரீட்சையில், தேவையான சித்தி கிடைக்காத பிள்ளையும் பாடசாலையை விட்டு விலகாமல் தரம் 12க்குப் போகலாம். கலை, வர்த்தகம், விஞ்ஞானம், தொழில்நுட்பம் என்று இருந்த வரிசையில் தொழிற்பாடத்துறையும் சேர்ந்தது. தரம் 12இல் பொதுப் பாடங்களோடு 26 தொழிற்பாடங்களிலிருந்து மூன்றைப் படிக்கிறார்கள். தரம் 13இல் ஒரு துறையைத் தெரிந்துகொண்டு பயிற்சி நிறுவனம் ஒன்றின் ஊடாகத் தேசிய தொழிற்தகைமை, அதாவது எல்லாரும் என்விகியூ என்று சொல்லுகிற சான்றிதழின் நான்காம் மட்டத்தை நோக்கிப் போகிறார்கள். என்விகியூவில் மொத்தம் ஏழு மட்டங்கள். ஒன்றிலிருந்து நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமன். ஆக, பாதை அடைபட்ட பாதை இல்லை. கராஜில் தொடங்குகிற பிள்ளை பட்டம் வரைக்கும் ஏறிப் போக வழி இருக்கிறது, ஆனால் இதைப் பெற்றோரில் பெரும்பாலானோருக்கு ஒருவரும் உட்கார்ந்து விளங்கப்படுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் இந்த வகுப்புக்கு இருந்த பெயர் "ஓ/எல் பெயிலான பிள்ளைகளின் வகுப்பு". இது பிள்ளைகளின் காதிலும் விழும், விழுந்துகொண்டுதான் இருந்தது. போர் முடிந்து மீளக் குடியேறிய காலத்திலிருந்து இங்கே பெற்றோருக்குத் தெரிந்த நல்ல முடிவு என்றால் அரச உத்தியோகம், அது இல்லாவிட்டால் வெளிநாடு. இரண்டுக்கும் இடையில் ஒரு தொழில் இருக்கிறது, அதற்கும் சான்றிதழ் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் வெளிநாட்டு வேலைக்கும் உதவும் என்று சொன்னால் தலையாட்டுவார்கள், நம்புவது வேறு.

தொடக்க ஏற்பாடு

அந்த வருடம் தரம் 12 தொழிற்பாட வகுப்பில் 14 பிள்ளைகள். பாடம் எல்லாம் கரும்பலகையில்தான் நடந்தது, தொழிற்பாடங்களுக்குத் தேவையான கருவிகள் பாடசாலையில் இல்லை. ரீச்சர்தான் முதலில் சொன்னவர், தரம் 13க்குப் போக முதல் பிள்ளைகள் ஒரு வேலைத்தலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன துறை என்று தெரியாமலே தெரிவுசெய்யப் போகிறார்கள் என்று. சரி என்று ஆறு கிழமைக்கு வேலைத்தலப் பயிற்சி ஒழுங்கு செய்தோம். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடக்கம்.

இடங்கள் கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பரந்தனிலும் கிளிநொச்சி நகரத்திலும் எங்கள் பழைய மாணவர்கள் கடை, கராஜ், அச்சகம் வைத்திருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் திருத்துகிற கராஜ், மின்னிணைப்பு வேலை எடுத்துச் செய்பவர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பகுதி, ஒரு தையல் நிலையம், வெதுப்பகம், அச்சகம். பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுத்து விருப்பத்தை எழுதச் சொன்னார்கள், எழுதியதை வைத்துப் பிரித்தாயிற்று. பாடசாலையின் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "இம்மாணவருக்கு ஆறு வாரங்கள் பயிற்சி வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்." பயிற்சி என்றால் என்ன, யார் வழங்குவது, நாளுக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை பழக வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

முதல் இரண்டு கிழமைகளில் கவனித்தவை

சுற்றிப் பார்த்தபோது இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் தெரிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த பிள்ளையை அங்கே ஒரு மூத்த எழுதுவினைஞர் தன் மேசைக்குப் பக்கத்தில் இருத்தி, இருப்புப் பதிவு எழுதுவதிலிருந்து தொடங்கிக் கொடுத்திருந்தார். அந்த அம்மா ஓய்வுபெறப் போகிறவர், சொல்லிக்கொடுக்கும் ஆர்வம் அவருக்கு இயல்பாகவே இருந்தது. இரண்டாம் கிழமை முடிய முதல் அந்தப் பிள்ளை தனியாகப் பொருள் இருப்பைக் கணக்கெடுத்து வித்தியாசம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிரச்சினை, நாலரைக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து, வீதியில் இறங்கி, உள்ளே சைக்கிள் ஓடி வீட்டுக்குப் போக இருட்டிவிடும். தாய் மறிக்கத் தொடங்கியிருந்தார். நேரத்தைக் காலை எட்டரையிலிருந்து இரண்டரை வரை என்று மாற்றியதும் அது முடிந்தது.

மற்ற இடங்களில் பல பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சும்மா நின்றார்கள் என்றே சொல்லுகிறேன். அச்சகத்தில் ஒருவன் கடுதாசி அடுக்கினான், வெதுப்பகத்தில் ஒருவன் பாண் பொதி செய்தான். யாரும் அவர்களைக் கொடுமைப்படுத்தவில்லை, மதியச் சாப்பாடு கூடக் கொடுத்தார்கள். பழக்குவதற்கு ஆள் என்று ஒருவர் இல்லை, அதுதான் விடயம்.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவன் கராஜுக்குப் போன 17 வயது மாணவன். தகப்பன் இல்லை. தாய் வீட்டுத் தோட்டத்தையும் இரண்டு மாட்டையும் வைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார், கீழே இரண்டு சகோதரங்கள். வகுப்பில் கையால் செய்கிற எந்த வேலையிலும் இவன்தான் முன்னுக்கு நிற்பான், எழுத்தில் பின்னுக்கு. லாண்ட்மாஸ்டர் ஓடவும் தெரியும், இங்கே அந்த வயதில் பலருக்குத் தெரியும். படிவத்தில் விருப்பத்தை எழுதச் சொன்னபோது மூன்று கட்டத்திலும் "மெக்கானிக்" என்றுதான் எழுதியிருந்தான்.

மூன்றாம் கிழமை தொடக்கத்தில் அவன் வரவில்லை. கராஜிலிருந்து யாரும் அறிவிக்கவும் இல்லை. வருகைப் பதிவு பாடசாலைக்கு வருவதில்லை, அதனால் ரீச்சருக்கு விடயம் போய்ச் சேர நாலு நாள் எடுத்தது. விசாரித்தால், காலபோக வெட்டுத் தொடங்கிவிட்டது, வயலில் நெல் மூட்டை கட்டி ஏற்றுகிற வேலைக்குப் போகிறான் என்றார்கள்.

வீட்டிலும் கராஜிலும் கேட்டறிந்தவை

ரீச்சரும் நானும் வீட்டுக்குப் போனோம். அவன் பின்னேரம் வந்தான், உடம்பெல்லாம் உமித்தூசி. திட்டுவோம் என்று எதிர்பார்த்தான் போல, எங்களைப் பார்க்காமலே கதைத்தான். "அண்ணா, அங்க ஒண்டும் பழகேல்லை. சாமான் கழுவுறன், ரீ வாங்கிக் குடுக்கிறன், ஸ்பனர் சாவி எடுத்துக் குடுக்கிறன். வெட்டுக்குப் போனா அம்மாவுக்குக் காசாவது வரும்."

தாய் இடையில் வந்து சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. "தம்பி, படிப்பெண்டு சொல்லித்தான் விட்டனாங்கள். அவன் கழுவிக்கொண்டு நிக்கிறான் எண்டா அதுக்கு ஏன் பஸ் காசு?" அவருடைய கணக்குப் பிழையே இல்லை. பாடசாலைக்குப் போக அவனிடம் இருந்த சீசன் ரிக்கெட் ஊருக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட பாதைக்கு மட்டும் எடுத்தது, பரந்தன் வரைக்கும் போக அது செல்லாது. தனியார் பஸ் என்றால் முழுக்காசு. ஒரு நாளைக்கு இரண்டு தரம். ஆறு கிழமைக்கு அந்த வீட்டில் அது பெரிய தொகை, அதைப் பற்றி ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

அடுத்த நாள் கராஜுக்குப் போனோம். முதலாளி கெட்டவர் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், பிறகு முழுக்க மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில் இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே பிழை சொல்லப் பழகியவர்களில் ஒருவர். எந்தச் சான்றிதழும் இல்லை. அவர் சொன்னார், "சேர், நான் ஆரிட்டையும் படிக்கேல்லை. பாத்துப் பாத்துத்தான் பழகினது. அவனும் பாக்கட்டும், பேந்து கை வரும்."

பிரச்சினையின் முடிச்சு அந்த ஒரு வசனத்தில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் பழகினார். முதல் இரண்டு வருடம் கழுவி, அடுத்த இரண்டு வருடம் சாவி எடுத்துக் கொடுத்து, அப்புறம் ஒரு நாள் பெரியவர் இல்லாத நேரத்தில் தானாகக் கைவைத்து. அவருக்குப் பத்து வருடம் இருந்தது. பையனுக்கு இருந்தது ஆறு கிழமை, அதிலும் இரண்டு போய்விட்டது. அவருடைய கணக்கில் பையன் சரியாக முதல் படியில் நின்றான். பாடசாலையின் கணக்கில் பயிற்சி தொடங்கவே இல்லை. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் மனதில் இருந்ததை மற்றவர் அறிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார், வெட்டுக் காலத்தில் கராஜில் நிற்கவே நேரம் இல்லை, வயலில் மெசின் நின்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் விவசாயிக்கு நட்டம், அந்த நேரத்தில் பையனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது. இதுவும் நியாயம்தான்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதலாவதாக எங்கள் முன்னால் இருந்த கேள்வி, அவனை வேறு இடத்துக்கு மாற்றுவதா என்பது. மாற்றுவது சுலபமாக இருந்திருக்கும். மாற்றவில்லை, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் டீசல் இஞ்சின் பழகுவதற்கு அந்த மனிதரை விடச் சிறந்தவர் இல்லை. ஆளிடம் குறை இல்லை, ஏற்பாட்டில்தான் குறை, அப்படியென்றால் திருத்த வேண்டியது ஏற்பாட்டை.

அன்றைக்கே கராஜின் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வெட்டுக் காலத்தில் என்னென்ன வேலை வரும் என்று முதலாளியிடம் கேட்டோம், அவர் சொல்லச் சொல்ல ரீச்சர் எழுதினார். டீசல் பில்டர் மாற்றுவது, டீசல் லைனில் காற்று எடுப்பது, ஓயில் மாற்றுவது, பான் பெல்ட் இறுக்கம் பார்த்துச் சரிசெய்வது, பெல்ட் மாற்றுவது, கிளச் சரிப்படுத்துவது, பற்றரி முனை துப்பரவாக்குவது, ரேடியேற்றர் கழுவுவது, பேரிங் மாற்றுவது, ஹெட் கழற்றிப் பூட்டுவது. அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அலகு அலகாக எழுதிய தேசிய தேர்ச்சி நியமத்தோடு அதைப் பிறகு வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை அதிலுள்ள அலகுகளோடு பொருந்தின. படிக்காத மனிதர் வாயால் சொன்னதும் நியமத்தில் அச்சாகியிருந்ததும் இவ்வளவு கிட்ட இருந்தது ரீச்சருக்கே பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கட்டம் வைத்தோம். பார்த்தது, சேர்ந்து செய்தது, தனியாகச் செய்து காட்டியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் திகதி போட்டு ஒரு கையெழுத்து. முதலாளிக்கு எழுத நேரம் இல்லை, அதனால் கையெழுத்துப் போடுகிற ஆளாக அங்கே வேலை செய்கிற ஓர் இளைஞரை அவரே நியமித்தார். அந்தத் தம்பிக்கு 24, 25 வயதிருக்கும், பையனுக்கு அண்ணா முறை போல ஆகிவிட்டான். முதலாளியை விட அவனிடம் கேள்வி கேட்பது பையனுக்குச் சுலபமாக இருந்ததைப் பின்னால் பார்த்தோம்.

நேரப் பிரச்சினைக்கு ஒரு வழி அந்த இளைஞர்தான் சொன்னது. பின்னுக்கு ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் இஞ்சின் துருப்பிடித்துக் கிடந்தது. வாடிக்கையாளர் வரத் தொடங்க முதல், காலையில் ஒரு மணித்தியாலம் அதைக் கழற்றிப் பூட்டுவது, பகலில் வருகிற உண்மை வேலையில் கூட நிற்பது. பழுதானாலும் யாருக்கும் நட்டமில்லாத இஞ்சினில் கை பழக்கிவிட்டு உண்மை மெசினில் தொடுவது என்பதால் முதலாளிக்கும் பயம் போனது. கழுவுவதும் ரீ வாங்குவதும் நின்றுவிடவில்லை, நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் இல்லை. கராஜில் எல்லாரும் முறைவைத்துச் செய்கிற வேலைகளில் அவனுக்கும் ஒரு முறை, அவ்வளவுதான்.

பாதுகாப்பை எழுத்தில் வைத்தோம். 2021இல் இலங்கையில் வேலைக்கான குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது, அதே நேரம் 18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்துவதற்குத் தடை இருக்கிறது. வன்னியில் இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, 15 வயதுப் பொடியன் வெல்டிங் பிடிப்பதைப் பார்த்துவிட்டுக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவோம். பாடசாலை அனுப்புகிற பிள்ளைக்கு அது சரிவராது. வெல்டிங் இல்லை, கிரைண்டர் இல்லை, ஜக்கில் மட்டும் தூக்கி நிறுத்திய மெசினுக்குக் கீழே போவதில்லை, ஓடுகிற பெல்ட்டுக்குக் கிட்டக் கை வைப்பதில்லை, செருப்போடு வேலை இல்லை என்று ஒரு தாளில் எழுதி, முதலாளி, தாய், அதிபர், பையன் நாலு பேரும் கையெழுத்து வைத்தார்கள். சப்பாத்தைப் பழைய மாணவர் சங்கம் வாங்கிக் கொடுத்தது.

காசு விடயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் இருந்தது. வெட்டுக்குப் போனால் கிடைக்கிற நாட்கூலிக்கு ஈடாக உதவித்தொகை கொடுப்போம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார், வெளிநாட்டிலிருந்து அனுப்பவும் தயாராக இருந்தார். ரீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி மாதிரிக் காசு கொடுத்தால் முதலாளியின் கண்ணில் பிள்ளை சம்பள ஆள் ஆகிவிடுவான், மற்ற 13 பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும், அடுத்த வருடத் தொகுதிக்கு அந்தக் காசு எங்கிருந்து வரும் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் பஸ் காசும் மதியச் சாப்பாடும் மட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று முடிவானது. ஆனால் வீட்டின் வருமானத்தை மறந்துவிட்டு முடிவெடுக்க முடியாது. அதனால் பயிற்சியைத் திங்கள் முதல் வியாழன் வரை கராஜில், வெள்ளி பாடசாலையில் என்று மாற்றினோம். வெள்ளியில், கராஜில் செய்ததை அவன் எழுதி வைக்கிற குறிப்பேட்டைப் பார்ப்பது, செய்த வேலையைப் படமாக வரைவது, கருவிகளின் பெயரைச் சரியாக எழுதப் பழகுவது. சனியும் ஞாயிறும் அவன் மாமனின் வயலுக்குப் போவதை யாரும் மறிக்கவில்லை. தாய்க்கு இந்த ஒழுங்குதான் மிகவும் பிடித்தது என்று நினைக்கிறேன்.

பின் நடந்தவை

அவன் திரும்பி வந்தான். முதல் இரண்டு நாளும் முதலாளி கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார், தன்னைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்ற நினைப்பு அவருக்கு இருந்திருக்கும். பழைய இஞ்சினின் ஹெட்டை அவனும் அந்த இளைஞரும் கழற்றி வைத்ததைப் பார்த்த பிறகு அவரே வந்து குந்தியிருந்து வால்வைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார் என்று பையன் வெள்ளிக்கிழமை வகுப்பில் சொன்னான்.

குறிப்பேடு முதலில் மோசமாக இருந்தது. "இன்று டீசல் பில்டர்" என்று மூன்று சொல். ரீச்சர் திருத்தி எழுதச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். ஏன் மாற்ற வேண்டி வந்தது? மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆனதா? ஆகாவிட்டால் ஏன்? மூன்றாவது வெள்ளியில் அவன் எழுதியிருந்த பக்கம் இப்படி இருந்தது: பில்டர் மாற்றினால் லைனுக்குள் காற்றுப் போய்விடும், காற்று இருந்தால் டீசல் பம்புக்குச் சரியாக வராது, அதனால் முதலில் பில்டரின் மேலே உள்ள ஆணியைத் தளர்த்தி நுரை இல்லாமல் டீசல் வரும் வரை கையால் பம்ப் அடிக்க வேண்டும், பிறகுதான் இறுக்க வேண்டும். வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டாத பிள்ளை.

ஒரு நாள் சிக்கலாகப் போனது. அவசர வேலை, வயலிலிருந்து கொண்டுவந்த உழவு இயந்திரம், வாடிக்கையாளர் தலைக்கு மேல் நிற்கிறார். கீழே போய் ஆணியைப் பிடி என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இயந்திரம் ஜக்கில் மட்டும் நின்றது. பையன் போகவில்லை, தாளில் கையெழுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். முதலாளிக்கு வாடிக்கையாளர் முன்னால் கோபம் வந்துவிட்டது. ஆனால் அந்த இளைஞர் எதுவும் பேசாமல் இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து அச்சுக்குக் கீழே வைத்துவிட்டு, தானே கீழே போனார். அன்று மாலை முதலாளி எனக்குத் தொலைபேசி எடுத்து, உங்கட பொடியன் சட்டம் கதைக்கிறான் என்றார். நான் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்க, "சரிதான், கட்டை வைக்கத்தான் வேணும்" என்று அவரே முடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கராஜில் கட்டை வைக்காமல் யாரும் கீழே போவதில்லை. 14 பிள்ளைகளில் எவருக்கும் அந்த ஆறு கிழமையில் காயம் இல்லை. அந்தத் தாள் இல்லாதிருந்தால் 17 வயதுப் பிள்ளை தன் முதலாளியிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசிக் கிழமையில் அவனை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். வெட்டு மெசின் நின்றுபோன இடத்துக்குப் போய், லைனில் காற்று எடுப்பதை அவனே செய்தான், இளைஞர் பக்கத்தில் நின்றார். பட்டியலில் இருந்த பத்து வேலைகளில் ஏழுக்கு "தனியாகச் செய்து காட்டியது" என்ற கையெழுத்துக் கிடைத்தது. பேரிங்கும் கிளச்சும் சேர்ந்து செய்த கட்டத்தோடு நின்றன, ஹெட் பழைய இஞ்சினோடு சரி.

மற்றப் பிள்ளைகளின் இடங்களுக்கும் இதே தாள், இதே மூன்று கட்டம் போனது. எல்லா இடத்திலும் சரிவரவில்லை. அச்சகத்தில் பழக்க ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், அங்கிருந்தவனை மின்னிணைப்பு வேலை செய்பவரிடம் மாற்றினோம். மூன்று பேர் இடையில் விலகினார்கள். ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். ஒருத்தி சாதாரண தரக் கணிதத்தைத் திரும்ப எழுதப் போனாள், அதைத் தோல்வியாக நான் எண்ணவில்லை. மற்றவனின் காரணம் குடும்ப விடயம்.

மதிப்பீடும் அதற்கு அடுத்த வருடமும்

தரம் 13இல் அவன் மோட்டார் வாகனத் தொழில்நுட்பத் துறையைத் தெரிவுசெய்து பயிற்சி நிறுவனத்துக்குப் போனான். என்விகியூ மதிப்பீட்டில் புள்ளி இல்லை. ஒவ்வொரு அலகுக்கும் தேர்ச்சி பெற்றவர், அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்ற இரண்டு முடிவுதான். முதல் மதிப்பீட்டில் இஞ்சின் சம்பந்தமான பகுதிகளில் தேர்ச்சி, மின்சுற்றுப் பகுதியில் இன்னும் இல்லை. கராஜில் வயரிங் வேலை வந்தால் வெளியில் ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள், ஆகவே அவன் அதைத் தொட்டதே இல்லை. நாங்கள் போட்ட பட்டியலிலும் பற்றரியைத் தவிர மின்சாரம் இல்லை, வெட்டுக் காலத்தில் வருகிற வேலையை மட்டும் வைத்துப் போட்ட பட்டியல் அது. அவன் அந்தப் பகுதியைத் திரும்பப் படித்து, பிறகு மதிப்பீட்டுக்கு இருந்து முடித்தான்.

மதிப்பீட்டாளர் குறிப்பேட்டைப் பார்த்து அதில் இருந்த வேலைகளைப் பற்றியே கேள்வி கேட்டாராம். அவனுக்கு வாயால் விளக்கம் சொல்ல வந்தது வெள்ளிக்கிழமைகளால்தான்.

இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் அடுத்த மட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆயத்தம் செய்கிறான். ஜேர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த இடம் அது, ஏ9 வீதியால் போகும்போது எல்லாரும் பார்த்திருப்போம். எங்கள் பாடசாலையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம், ஆனாலும் அதற்கு முந்திய தொகுதிகளில் ஒரு பிள்ளைக்கும் அங்கே என்ன படிக்கலாம் என்று தெரிந்திருக்கவில்லை. விடுமுறையில் அவன் அதே கராஜில் வேலை செய்கிறான், இப்போது சம்பளத்துக்கு.

எதிர்பாராத இன்னொரு விளைவும் இருக்கிறது. பையனுக்குச் சான்றிதழ் வந்ததைப் பார்த்த அந்த 25 வயது இளைஞர், தனக்கு இது கிடைக்காதா என்று ரீச்சரிடம் கேட்டார். அனுபவத்தால் பெற்ற திறனைச் சான்றுகளோடு காட்டி மதிப்பீட்டுக்கு இருந்து என்விகியூ பெற வழி இருக்கிறது, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, அதாவது நைட்டா, அதைச் செய்கிறது. அவர் விண்ணப்பித்திருக்கிறார். முதலாளி தனக்கு வேண்டாம் என்றார். பிறகு, விண்ணப்பப் படிவம் எங்கே எடுப்பது என்று இளைஞரிடம் விசாரித்திருக்கிறார்.

அடுத்த தொகுதிக்கு மாற்றியவை, இன்னும் மாற்ற வேண்டியவை

தெரிவுப் படிவத்தை விட்டுவிட்டோம். இப்போது பிள்ளைகள் முதலில் மூன்று வேலைத்தலங்களுக்குப் போய் ஒவ்வொரு நாள் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறார்கள். பார்க்காத தொழிலைப் பற்றி 16, 17 வயதில் எழுதுகிற விருப்பம் பெரும்பாலும் மாமாவின் விருப்பமாகவோ கூட்டாளியின் விருப்பமாகவோதான் இருக்கும்.

பழக்குகிற ஆளின் பெயர் கடிதத்தில் இல்லாமல் எந்த இடத்துக்கும் பிள்ளையை அனுப்புவதில்லை. முதலாளி சம்மதித்தால் போதாது, பழக்கப்போகிறவரும் சம்மதிக்க வேண்டும். வேலைப் பட்டியல், பாதுகாப்புத் தாள், பஸ் செலவு மூன்றும் தொடங்க முதலே முடிந்திருக்க வேண்டும். பட்டியலை முதலாளியிடம் கேட்டு மட்டும் போடாமல், தேர்ச்சி நியமத்தையும் பக்கத்தில் வைத்து, அந்த இடத்தில் கிடைக்காத அலகு எது என்று பார்த்து, அதற்கு வேறோர் இடத்தில் நாலைந்து நாள் ஒழுங்கு செய்கிறோம். கராஜுக்குப் போகிற பிள்ளைகள் இப்போது ஒரு கிழமை வாகன வயரிங் கடையிலும் நிற்கிறார்கள்.

காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. வெட்டுக் காலத்தைத் தவிர்த்து அனுப்ப வேண்டும் என்கிறார் அதிபர், பிள்ளைகள் கூலிக்குப் போய்விடுவார்கள் என்பது அவருடைய பயம். நான் மறுபக்கம். விவசாய இயந்திரம் பழகுகிற பிள்ளை வெட்டுக் காலத்தில் கராஜில் இல்லாவிட்டால் பிறகு எதைப் பார்க்கப் போகிறான்? ஆனால் கைப்பழக்கம் அதற்கு முன்னமே, கார்த்திகை விதைப்பு முடிந்து கராஜ் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் நாட்களில் தொடங்கியிருக்க வேண்டும். இந்த வருடம் மார்கழியில் இரண்டு கிழமை, தையிலும் மாசியிலும் நாலு கிழமை என்று பிரித்திருக்கிறோம்.

பெற்றோர் கூட்டம் முதல் நாளே நடக்கிறது. அதில் ஏழு மட்டத்தையும் கரும்பலகையில் கீழிருந்து மேலே எழுதிக் காட்டுகிறார் ரீச்சர். போன தடவை அந்தத் தாயும் வந்து பேசினார். பஸ் காசு, இருட்டுகிற நேரம், சாப்பாடு என்று மற்றத் தாய்மார் கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார்.

தீராமல் இருப்பது காப்புறுதி. வேலைத்தலத்தில் பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால் செலவுக்கு யார் பொறுப்பு என்பதற்கு எங்களிடம் இன்னும் எழுத்தில் பதில் இல்லை. இப்போதைக்குச் சங்கம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, அது போதாது என்பது எங்களுக்குத் தெரியும். வலயத்துக்கு எழுதியிருக்கிறோம். அந்தப் பதில் வரும் வரை மின்னிணைப்பு வேலைக்கு உயரத்தில் ஏற வேண்டிய இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.